நனையாத முடிச்சு

பாலத்தின் இரும்புக் கைப்பிடியை மூன்று முறை தட்டிவிட்டுத்தான் கேனை இறக்குவாள். வீட்டுச் சாவியால் தட்டுவாள். டங், டங், டங். கீழே தூணோரம் தோணியை நிறுத்தி வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் வலைக்காரர் சட்டென்று தலையை இழுத்துக்கொள்வார். கேனின் அடியில் மூன்று கிலோ ஈயம் இருக்கிறது. முன்பொரு நாள் அது சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி, அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. "ஆத்துல எவ்வளவு உப்புன்னு பாக்கச் சொன்னா, என் சாப்பாட்டுல எவ்வளவு உப்புன்னு பாக்குறியாம்மா?" என்று அவர் அன்று கேட்டதை இன்றும் அந்தக் கரையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்றிலிருந்து இந்த மூன்று தட்டு.

கயிற்றில் மூன்று முடிச்சுகள். முதல் முடிச்சு கைப்பிடியைத் தொட்டால் கேன் தண்ணீரின் மேல்மட்டத்தில் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது முடிச்சு நடு ஆழம். மூன்றாவது முடிச்சு வரை விட்டால் ஈயம் ஆற்றின் தரையில் தட்டும். அந்தத் தட்டல் கயிறு வழியாக ஏறி உள்ளங்கைக்கு வரும். அப்போது கூடவே தொங்கும் மெல்லிய நூலைச் சுண்டுவாள். கேனின் மூடி திறந்து, அந்த ஆழத்துத் தண்ணீர் மட்டும் உள்ளே போகும். இழுத்து, கிண்ணத்தில் ஊற்றி, பேனா மாதிரி இருக்கும் மீட்டரை நனைத்து, எண்ணை நோட்டில் எழுதுவாள். பிறகு பாலத்து முனையில் நிற்கும் கறுப்புப் பலகையில் மேல், நடு, அடி என்று மூன்று வரியாகச் சாக்பீஸால் எழுதுவாள். அடி என்ற வரியில் ஒன்றுக்கு மேல் போனால் அன்று மதகைத் திறக்கக் கூடாது. பதினாலு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை.

ஊரில் அவளை அளவுக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் எண் என்று வந்துவிட்டால் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். அரிசியை உழக்கில் அள்ளினால் மேலே விரலால் வழித்துவிட்டுத்தான் கொட்டுவாள். துணிக்கடைக்காரர் மீட்டர் கோலை நீட்டினால், "ஒரு விரக்கடை முன்னாடி பிடிச்சிருக்கீங்க" என்று மெதுவாகச் சொல்லுவாள். அதற்கு மேல் பேச மாட்டாள், கூச்ச சுபாவம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்காக அடித்துக்கொண்டபோது இரண்டு தரப்பும் இவளைத்தான் டேப்போடு கூட்டிப்போனார்கள். "அண்ணி அளந்து சொல்லிட்டா அந்த ஆறே மறுபேச்சுப் பேசாது" என்பாள் அவளுடைய நாத்தனார். அதில் பாதி கிண்டல், பாதி பெருமை.

அது நீளமான ஆறு இல்லை. மலையில் காலையில் விழுந்த மழை மறுநாள் சாயங்காலம் கடலில் இருக்கும். கடலைத் தொடும் இடத்தில் ஒரு மணல் திட்டு, தூங்குகிறவன் கை மாதிரி, வாயை மறித்துக் கிடக்கிறது. வெயில் காலத்தில் அந்தக் கை நீண்டுகொண்டே போகும். மழைக்காலத்தில் ஆறு அதை உதறித் தள்ளும். அதற்குச் சற்று மேலே, சேற்றில் வேர்களை ஊன்றி நிற்கும் அலையாத்திக் காடு. முன்பெல்லாம் கடல் அந்தக் காடு வரைக்கும்தான் வரும். வந்து, மரங்களின் காலைக் கழுவிவிட்டுத் திரும்பிவிடும். பத்து வருடம் லாரி லாரியாக மணல் அள்ளியதில் ஆற்றின் தரை இறங்கிவிட்டது. பள்ளத்தைக் கண்டால் தண்ணீர் சும்மா இருக்குமா? இப்போது கடல் பாலம் வரைக்கும் வருகிறது.

வருவதும் நேராக வராது. உப்புத் தண்ணீருக்குக் கனம் அதிகம். மேலே நல்ல தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதன் வயிற்றுக்கடியில் உப்பு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். கரையில் நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தால்கூட இனிக்கும்.

இதை அவள் ஒரு கண்ணாடி டம்ளரில் செய்து காட்டுவாள். டம்ளரில் பாதி நல்ல தண்ணீர். இன்னொரு கிண்ணத்தில் உப்பைக் கரைத்து, அதில் இரண்டு சொட்டு நீல மையை விட்டு, டம்ளரின் ஓரமாக மெதுவாகச் சாய்ப்பாள். நீலம் சத்தமில்லாமல் இறங்கி அடியில் படுத்துக்கொள்ளும். மேலே தெளிவாகவே இருக்கும். மதகுக்குப் புதிதாக ஆள் வந்தபோது முதல் நாளே அவனுக்கு இதைக் காட்டினாள். அவன் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஏக்கா, நம்ம சொந்தக்காரங்க சில பேர் இப்படித்தான்" என்றான்.

அவனுக்கு ஊர் வைத்த பெயர் பூட்டு. அவன் எதையும் பூட்டாமல் விட மாட்டான். மதகின் சக்கரத்துக்கு அரசாங்கம் கொடுத்தது ஒரு பூட்டு. அவன் தன் பங்குக்கு இரண்டு சேர்த்தான். சைக்கிளுக்கு ஒன்று, சைக்கிளில் தொங்கும் பைக்கு ஒன்று. பின்மதியம் மரத்தடியில் தூங்கும்போது சைக்கிள் சங்கிலியைத் தன் கணுக்காலோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டு, சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்து, அரைநாள் சைக்கிளோடு நடந்த கதையும் உண்டு. ஒவ்வொரு நாளும் காலையில் பாலத்தைத் தாண்டித்தான் மதகுக்குப் போவான். நிற்கக்கூட மாட்டான். ஓடும் சைக்கிளிலிருந்தே பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரியென்பதற்கு மணியை ஒரு முறை அடித்துவிட்டுப் போவான். "பலகையில நீங்க எழுதினா எனக்கு அது சட்டம்க்கா. திறன்னா திறப்பேன், மூடுன்னா மூடுவேன். அதுக்கு மேல இந்தத் தலைக்குள்ள ஒண்ணும் கிடையாது."

மதகின் வாய் ஆற்றின் அடிமட்டத்தில் இருக்கிறது. பலகை எதைச் சொன்னாலும், கடல் ஏறும் ஏத்த நேரத்தில் அதை மூடிப் பூட்டிவிட வேண்டும். அங்கே எடுக்கும் தண்ணீர்தான் வாய்க்கால் வழியாகக் காய்கறித் தோட்டங்களுக்கும், கடைசியில் நாத்தனாரின் நாற்றுப்பண்ணைக்கும் போகிறது. தன் கணவர் விட்டுப்போன பிறகு அந்தப் பண்ணையை நாத்தனார் தனியாக எழுப்பினாள். தட்டுத் தட்டாகத் தக்காளி, கத்தரி, மிளகாய். சுற்றுவட்டாரத்தில் யார் தோட்டம் போட்டாலும் நாற்று அவளிடம்தான். விரல் நீளம் வளர்ந்த நாற்றுகளைப் பெயர் வைத்துத்தான் கூப்பிடவில்லை, மற்றபடி பிள்ளைகள்தான்.

போன வருடம், குளிர் முடிந்து வெயில் தொடங்கும் நேரம், அளவுக்காரம்மாவின் வலது தோள் இறுகிப்போனது. தலை சீவக் கை எழும்பவில்லை. ஜாக்கெட்டின் கையை நுழைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் அம்மா கையைப் பிடித்து அசைத்துப் பார்த்து, "ஆறு மாசம் கனம் தூக்கக் கூடாது. என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். "வீட்டு வேலைதான்" என்று சொன்னாள். உண்மையைச் சொன்னால் ஒரு சீட்டு எழுதுவார்கள். சீட்டு ஆபீசுக்குப் போகும். கயிறு வேறு யார் கைக்காவது போகும். லாரி ஓட்டும் கணவர் பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிறவர். பிள்ளைகள் தூரத்தில். அந்தக் கயிற்றை எடுத்துவிட்டால் தன்னை யார் எதற்காகக் கூப்பிடப் போகிறார்கள் என்று யோசித்தாள். யாரும் இல்லை என்று தோன்றியது.

முதல் நாள் மூன்று முடிச்சும் இறக்கினாள். அடித்தண்ணீரை இழுக்கும்போது தோளுக்குள் யாரோ துணி கிழிப்பது போல இருந்தது. இரண்டாம் நாள் இரண்டு முடிச்சோடு நிறுத்தினாள். மூன்றாம் நாளிலிருந்து முதல் முடிச்சு மட்டும். மேல் தண்ணீர் என்றால் கேன் பாதி நிரம்பும்போதே தூக்கிவிடலாம், இழுக்கும் தூரமும் குறைவு. இடது கையே போதும்.

மேல் புள்ளி மூன்று என்றால் நடு புள்ளி நான்கு, அடி புள்ளி ஐந்து. அந்த மாதத்தில் பதினாலு வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது. அதனால் அப்படியே எழுதினாள். பாலத்தில் நின்று நோட்டில் எழுதக் கை கூசியது. பலகையில் மட்டும் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, சமையல்கட்டு மேடையில் நோட்டை வைத்து, நிதானமாக எழுதினாள். பொய் எழுதுகிறோம் என்று அவள் நினைக்கவில்லை. நேற்று ஓடிய ஆறுதானே இன்றும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது கொஞ்சம் கஷ்டமாக இருந்ததால் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று தடவை நினைத்துக்கொண்டாள்.

ஆறு அவளிடம் சொல்லாமல் இல்லை. மலையில் அந்த வருடம் மழை தள்ளிப்போயிருந்தது. மேலிருந்து வரும் தண்ணீர் குறைய, கீழிருந்து வருவதற்கு வழி கிடைத்தது. பாலத்தடியில் பாய் விரித்த மாதிரி மிதக்கும் ஆகாயத்தாமரையின் இலை ஓரங்கள் தேநீர் நிறத்தில் கருகத் தொடங்கின. அதற்கு உப்பு ஆகாது. வேர் கீழே தொங்குவதால் அதற்கு முதலில் தெரிந்துவிடும். பாலத் தூண்களில் கூர்கூராக ஒட்டிக்கொள்ளும் சின்னச் சிப்பிகள், கடலோரக் கற்களில் இருப்பவை, ஒரு முழம் மேலே ஏறியிருந்தன. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்ப்பது அவள் பழக்கம். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, வலைக்காரர் கீழிருந்து கூப்பிட்டார்.

"என்னம்மா, இப்பல்லாம் கேன் என் தலைக்கு மேலயே வந்து நின்னுருது? தரைக்குப் போக அதுக்குப் பயமா?"

"தோள் வலிண்ணே."

"அப்போ அடித்தண்ணி?"

அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

அவர் தோணியின் அடியிலிருந்து எதையோ தூக்கிக் காட்டினார். கையகலத்துக்கு ஒரு சேற்று நண்டு, கால்களைக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. "அலையாத்தியில இருக்க வேண்டியவன். இங்க எப்படிடா வந்தேன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான். உன் பலகையைக் கேளு, அதுக்குத் தெரியுதான்னு பாப்போம்." பிறகு அவரே சிரித்தார். "எனக்கென்ன, உப்பு ஏறினா எனக்கு நண்டு. நான் ஏன் வாயைத் திறக்கப் போறேன்?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். அன்று இரண்டு வேளையும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் முதல் முடிச்சோடுதான் நிறுத்தினாள்.

அடித்தண்ணீர் எடுக்காமல் பதினெட்டு நாள். பத்தொன்பதாவது நாள் காலையில் நாத்தனாரின் குரல் தெரு முனையிலிருந்தே கேட்டது.

"அண்ணி! அண்ணி, வந்து பாருங்களேன்."

பண்ணையில் தட்டுகள் வரிசை வரிசையாக அப்படியே இருந்தன. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தது, நாற்றுகள் மட்டும் தலை தொங்கியிருந்தன. இலை ஓரங்கள் நெருப்பு காட்டிய காகிதம் போலச் சுருண்டிருந்தன. மண்ணின் மேல் பால் உறைந்த மாதிரி வெள்ளைப் படலம். நாத்தனார் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு விரலை அண்ணியின் பக்கம் நீட்டினாள். அவளும் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

"மூணு நாளா விட்ட தண்ணி அண்ணி. முப்பதாயிரம் நாத்து. நானே என் கையால ஊத்தியிருக்கேன்." நாத்தனார் அழவில்லை. ஒரு தட்டை எடுத்து, செத்த நாற்றுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டாள். அவை மறுபடி சாய்ந்தன. "உங்க பலகை நல்ல தண்ணின்னு சொல்லுது. நீங்க அளந்தது தப்பாகாது. அந்தப் பூட்டுப்பய ஏத்த நேரத்துல மதகைத் திறந்து போட்டுட்டுத் தூங்கியிருக்கான். ஊரையே பூட்டுறவன், பூட்ட வேண்டியதைப் பூட்டல பாருங்க."

அளவுக்காரம்மா வாயைத் திறந்தாள். "தண்ணி மாத்தி ஊத்திப் பாப்போமா?" என்றுதான் வந்தது.

அங்கிருந்து நேராகப் பாலத்துக்குப் போனாள். கைப்பிடியைத் தட்டவில்லை, மறந்துவிட்டாள். பையிலிருந்து கயிற்றை முழுதாகப் பிரித்தாள். மூன்றாவது முடிச்சு ஈரக் கை படாமல் காய்ந்து வெளுத்திருந்தது. அதன் இடுக்கில் ஒரு சிலந்தி வெள்ளையாகக் கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. பதினெட்டு நாளில் அதற்கு அவ்வளவு நேரம் கிடைத்திருக்கிறது. இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு, தரை வரை விட்டு இழுத்தாள். மீட்டர் ஏழு என்றது. துடைத்துவிட்டு மறுபடி நனைத்தாள். ஏழு. பலகையில் ஏழு என்று எழுதினாள். அன்று எழுதியது மட்டும் உண்மை. அந்த உண்மைதான் பூட்டுவுக்கு வினையாக வந்தது.

அன்று மத்தியானமே சூப்பர்வைசர் மதகடிக் கொட்டகைக்கு வந்துவிட்டார். ஒரு நாற்காலிதான் இருந்தது. அவர் உட்கார, மற்றவர்கள் நின்றார்கள். நோட்டை மடியில் வைத்துப் புரட்டினார்.

"நேத்து வரைக்கும் அடியில புள்ளி அஞ்சு. இன்னைக்குத்தான் ஏழு. அப்போ மூணு நாளா வாய்க்கால்ல போன உப்பு எங்கிருந்து வந்துச்சு? ஏத்தத்துல கடல் ஏறி, வத்தத்துல இறங்கியிருக்கும். ஏறின நேரத்துல மதகு திறந்திருந்திருக்கு. வேற என்ன?"

"சார், நான் பூட்டினேன் சார்" என்றான் பூட்டு. "மூணு பூட்டு சார்."

"மூணு பூட்டு போட்டவன் ஒண்ணை மறந்திருப்ப."

"ஒண்ணை மறந்தாலும் ரெண்டு இருக்கும்ல சார்."

யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "வேலைன்னா இப்படி இருக்கணும். இந்தக் கடைசிப் பக்கங்களைப் பாருங்க. ஒரு அடித்தல் உண்டா, ஒரு கறை உண்டா? அச்சடிச்ச மாதிரி இருக்கு. இந்தம்மாகிட்ட கத்துக்குங்க."

அளவுக்காரம்மா அந்தப் பக்கங்களைப் பார்த்தாள். அதற்கு முந்தைய பக்கங்கள் எல்லாம் அலங்கோலமாகத்தான் இருக்கும். ஈரக் கையால் எழுதியதில் மை பரவியிருக்கும். தாள் உப்பிச் சுருங்கியிருக்கும். ஓரத்தில் சேற்று ரேகை இருக்கும். கடைசிப் பதினெட்டு நாள் மட்டும் சுத்தமாக இருந்தது. ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுகூட அந்தத் தாளில் விழவில்லை. அந்தச் சுத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. அங்கே இருந்த எல்லோரும் அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

பூட்டு அவள் பக்கம் திரும்பினான். அவன் குரலில் சந்தேகம் இல்லை. வழி தெரியாதவன் தெரிந்தவரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"அக்கா, அடித்தண்ணி எடுத்தீங்கல்ல?"

"எடுத்தேன்."

"அப்போ நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன் போல" என்றான் அவன். தன் சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

தினக்கூலி ஆள், எழுதிக் கொடுத்து நிறுத்த வேண்டிய அவசியம்கூட இல்லை. வரும் திங்கட்கிழமை வேறு ஆள் வருவான், சாவியை ஒப்படைத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார்கள்.

நடுவில் நான்கு நாட்கள். அவள் எல்லா வேலையும் செய்தாள். பண்ணைக்குப் போய்ச் செத்த நாற்றுகளைக் கொட்டினாள். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். நாத்தனார், "நீங்க இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன் அண்ணி" என்றாள். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் ஜன்னல் அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். போனாள். "அளவுக்காரம்மா சொன்னா சரியா இருக்கும்" என்று அவர்கள் பேசிக்கொண்டது, காது மடலைப் பிடித்துத் திருகுவது போல இருந்தது. வீட்டில் அரிசி அளக்கும்போது விரலால் வழிப்பதை விட்டுவிட்டாள். விரல் அந்த வேலைக்கு வர மறுத்தது.

ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். பாலத்தைக் கடக்கும்போது வலைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். மறுபடி வலைக்குக் குனிந்துகொள்வார். கேலி பண்ணுகிறவர் கேலி பண்ணாமல் இருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

திங்கட்கிழமை காலையில் பூட்டு மதகடியில் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சூப்பர்வைசர் கையில் வைத்து விளக்கம் சொன்னான். "இது சக்கரத்துது சார். இது கொட்டகை. இது ரெண்டும் என்னோடது, ஆனா புது ஆளுக்கு வேணும்ல, இருக்கட்டும். இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் சார், ரெண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்க." நாத்தனார் வாய்க்கால் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அளவுக்காரம்மா கேனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். கடைசிச் சாவி கை மாறப்போகும் நேரத்தில் பேசினாள். அவள் குரல் எப்போதும் சின்னது. அன்று இன்னும் சின்னதாக இருந்தது.

"சார், மதகு திறந்து கிடக்கல."

"என்னம்மா?"

"பதினெட்டு நாளா நான் அடித்தண்ணி எடுக்கல. தோள் வரல. மேல் தண்ணியை மட்டும் எடுத்துட்டு, நடுவும் அடியும் நானா எழுதினேன். வீட்டுல உக்காந்து எழுதினேன். அந்தப் பக்கமெல்லாம் காஞ்சு கிடக்கும் பாருங்க சார். மத்த பக்கத்தோட வெச்சுப் பாருங்க."

சூப்பர்வைசர் சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "யம்மா, யோசிச்சுப் பேசுங்க. ரிப்போர்ட் போயாச்சு. இப்போ எதுக்கு இதைக் கிளப்புறீங்க?"

"அவன் பூட்டினான் சார்" என்றாள். "மூணும் பூட்டியிருப்பான்."

பூட்டு கையிலிருந்த கடைசிச் சாவியை வளையத்தில் மறுபடி மாட்ட முயன்றான். அது நுழையாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நாத்தனார்தான் முதலில் அசைந்தாள். கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அண்ணியைப் பார்க்காமல் அவளைக் கடந்து போனாள். போகிற போக்கில், "தட்டெல்லாம் கழுவிக் குடுத்தீங்களே அண்ணி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவளை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். பூட்டு திரும்பி வந்தான். அந்த மூன்று மாதமும் பலகை வெறுமையாக நின்றது. அவளுக்குப் பதிலாக அளக்க வந்த ஆள் எண்ணை ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவான். நாலாவது மாதம் மழை ஆரம்பித்து, ஆறு மணல் கையை உதறிவிட்டுக் கடலுக்குப் பாய்ந்தபோது, அவளை மறுபடி கூப்பிட்டார்கள். அந்தக் கூலிக்கு யாரும் நிலைக்கவில்லை.

முதல் நாள் வலைக்காரர் மேலே ஏறி வந்தார். கையில் ஒரு பழைய கப்பி, கிணற்றில் போடுவது. அதைக் கைப்பிடியில் கம்பி சுற்றிக் கட்டினார். கயிற்றை அதில் ஓட்டி, இழுத்துக் காட்டினார். இடது கையால் இழுத்தாலே கேன் அடியிலிருந்து பூப்போல ஏறி வந்தது.

"இதுக்கா இவ்வளவும்?" என்றார். "அன்னைக்கே கேட்டிருந்தா அரை மணி வேலை. நானும் அன்னைக்கே போட்டிருக்கலாம். எனக்கு நண்டு பெரிசாப் போச்சு." கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது தோள் பரவாயில்லை. தலை சீவ முடிகிறது. பாலத்தில் நின்று, ஈரக் கையோடுதான் எழுதுகிறாள். பக்கங்கள் பழையபடி அலங்கோலமாக இருக்கின்றன. சுவர், ஜன்னல், துணி என்று அளக்கக் கூப்பிட்டால், "வேற யாரையாவது பாருங்களேன்" என்கிறாள். நாத்தனாரின் பண்ணையில் மறுபடி தட்டுகள் பச்சை பிடித்துவிட்டன. நாத்தனார் பேசுகிறாள், சாப்பிட்டீர்களா, அண்ணன் எப்போது வருகிறார் என்ற அளவில். ஆனால் தண்ணீர் விடுவதற்கு முன் பண்ணைக்கென்று தனியாக வாங்கிய மீட்டரை வாய்க்காலில் நனைத்துப் பார்க்கிறாள். அண்ணி பக்கத்தில் இருந்தாலும் பார்க்கிறாள். அந்த நேரத்தில் அண்ணி குனிந்து, இல்லாத களையைப் பிடுங்குகிறாள்.

பூட்டுவும் மாறிவிட்டான். ஓடும் சைக்கிளிலிருந்து பலகையைப் பார்த்துவிட்டு மணியடிப்பது நின்றுவிட்டது. பாலத்துக்கு வந்ததும் இறங்குவான். சைக்கிளைப் பூட்டுவான். நடந்து வந்து, "அக்கா" என்பான். அடித்தண்ணீர் இருக்கும் கேனை அவள் நீட்டுவாள். அவன் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைப்பான். தலையாட்டுவான். பிறகு சைக்கிளைத் திறந்துகொண்டு போவான். அவனுக்கும் அதில் சங்கடம்தான். வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் விரலை நனைப்பான். அவன் தலையாட்டிய பிறகுதான் அவள் சாக்பீஸை எடுப்பாள்.

போன வாரம் ஒரு நாள் அவனுக்கு என்ன தோன்றியதோ, பாலத்தில் சைக்கிளை நிறுத்தவில்லை. "எழுதுங்கக்கா, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனான். போகும்போது மணியை ஒரு முறை அடித்தான். பழையபடி.

கீழே வலைக்காரர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கிண்ணத்தில் மீட்டர் புள்ளி நான்கு காட்டிக்கொண்டிருந்தது. நோட்டில் எழுதினாள். பலகைக்கு முன்னால் போய் நின்றாள். சாக்பீஸை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

கேனை மூடி, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கரை வழியாக மதகை நோக்கி நடந்தாள். பத்து நிமிட நடை. வெயில் ஏறியிருந்தது. தளும்பிய தண்ணீர் புடவையில் வழிந்தது, அவள் நிற்கவில்லை. மதகுச் சக்கரத்தருகே பூட்டு மூன்றாவது பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் திரும்பினான்.

"என்னக்கா, இவ்வளவு தூரம்? நான்தான் சொன்னேனே."

அவள் தலை குனிந்தபடி மூடியைத் திறந்து, கேனை அவன் முன்னால் நீட்டினாள். அவன் விரல் தண்ணீரைத் தொடும் வரை நீட்டியபடியே நின்றாள்.